ஒரு மடக்கு, ஒரு மூச்சு

கேன்டீனில் வேலை பார்ப்பவளுக்கு முகத்தைவிடத் தட்டுதான் ஞாபகத்தில் நிற்கும். யார் பொரியலை ஒதுக்குவார், யார் ரசத்துக்கு இரண்டாம் தடவை வருவார், யார் மோரை வாங்கிக் கொட்டிவிட்டுப் போவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பொற்கொடி எதையும் ஒதுக்க மாட்டாள், எதையும் கேட்கவும் மாட்டாள். வைத்ததைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். சாப்பாடு நன்றாக இருந்ததா என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "இருந்துச்சுக்கா" என்றாள். அன்றைக்கு சாம்பாரில் உப்பே போடவில்லை. சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என் பெயர் சென்னம்மா. ஊர் கெலமங்கலம் பக்கம். காடு காடாகக் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. இப்போதும் கூலிதான், காடு மட்டும் கம்பெனி ஆகிவிட்டது. பொற்கொடியும் அவள் புருஷன் சுபாஷும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஓசூரில் நான் இருக்கும் லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு. நான் "வரன்" என்பேன், அவள் "வாரேன்" என்பாள். காய்காரனிடம் நான் கன்னடத்தில் பேரம் பேசும்போது பக்கத்தில் நின்று என் வாயையே பார்ப்பாள். "இப்ப என்னக்கா சொன்னீங்க?" என்பாள். "கத்தரிக்கா சொத்தைன்னு சொன்னன்" என்பேன். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பிடுங்குவது கஷ்டம்.

அவளுக்கு எங்கள் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. வண்டிக்குப் போகும் ஒரு பாகத்தில் காற்று கசிகிறதா என்று மெஷினில் மாட்டிப் பார்க்கும் இடம். கசிந்தாலோ, நேரம் கடந்தாலோ தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்து பஸ்ஸர் அலறும். உடனே ஒரு மஞ்சள் பட்டனை அமுக்கி அதை அடக்க வேண்டும். அடக்காவிட்டால் லைன் மொத்தமும் நின்றுபோகும். அத்தனை பேரும் திரும்பி இவள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த மெஷின் தூசி பட்டாலும் கத்தும், பக்கத்தில் யாராவது தும்மினாலும் கத்தும். பெரும்பாலும் பொய்க் கத்தல்தான். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே முதலில் சொல்லித்தருவதே பட்டனை அமுக்கத்தான். அமுக்கு, அடுத்ததை எடு, சந்தேகம் இருந்தால் ஷிஃப்ட் முடிந்து பார்த்துக்கொள். பொற்கொடியின் கை அதில் அவ்வளவு சுத்தம். ஒரு வருஷம் முழுக்க அவள் இடத்தில் லைன் நிற்கவே இல்லை என்று ஆயுதபூஜை அன்று மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அந்த போட்டோவிலும் அவள் சிரிக்கவில்லை.

வயிற்றில் பிள்ளையோடும் அதே இடத்தில்தான் நின்றாள். ஏழாம் மாதம் நடக்கும்போது கால் வீங்கியது, தலை வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. கண் மங்கிப்போய் மெஷின் எண் தெரியவில்லை என்றபோதுதான் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். பிரஷர் எகிறியிருந்தது. ஓசூரில் பார்த்துவிட்டு, 108 வண்டியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அன்றைக்கே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

அந்தச் சமயம் எனக்கு பிரேக். கான்ட்ராக்ட் ஆட்களை இப்படி அவ்வப்போது வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பி, பிறகு புது ஆளைப் போலச் சேர்த்துக்கொள்வார்கள். பொற்கொடிக்கு அம்மா இல்லை. சுபாஷின் அம்மா ஊரில் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார். சுபாஷுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. சும்மா இருக்கும் சென்னம்மாவைத் தவிர ஆள் யார் இருக்கிறார்கள். ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறியவள்தான், அதற்கப்புறம் பஸ் கண்டக்டர்களுக்கெல்லாம் நான் பழக்கமாகிவிட்டேன்.

போய்ப் பார்த்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "வலிக்குதா புள்ள?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா."

"புள்ளைய பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்பிடி இருக்குது?"

"மெஷின்ல இருக்கு" என்றாள்.

மெஷின் என்று அவள் சொன்னது மூச்சுக்கு வைத்திருந்ததை. இரண்டு சின்னக் குழாய்கள் பிள்ளையின் மூக்குக்குள் போகும். அவை நகராமல் இருக்கத் தலையில் ஒரு தொப்பி. மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இறங்கி, குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளையின் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல், உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று நிற்கும்படி அது தள்ளிக்கொடுக்குமாம். பால் வாய்வழியே வயிற்றுக்குள் விட்ட இன்னொரு குழாயில் போகும். தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் சிஸ்டர் அதை ஊசிக்குழலில் ஊற்றி உயரத் தூக்கிப் பிடிப்பாள். பால் தானாக இறங்கும். பிள்ளை வாயையே அசைக்காது.

எனக்கு இது விளங்கவே இல்லை. நான் இரண்டு பெற்றவள். பிறந்ததும் மார்பில் போட்டேன், குடித்தன. குடிப்பதற்கு ஒரு பிள்ளை பழக வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அங்கே இருந்த சிஸ்டர் அனுப்ரியா வேப்பனப்பள்ளிக்காரப் பெண், எங்கள் பக்கத்துப் பேச்சு. அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, பாலும் இருக்குது, வாயும் இருக்குது. நேரா ஊத்துனா குடிக்காதா?"

"குடிக்காதுக்கா. நீங்க சோறு முழுங்கறப்ப மூச்சு விடுவீங்களா?"

"விடுவன். ஏன் விடமாட்டன்?"

"விடமாட்டீங்க. முழுங்கற அந்த நேரம் மூச்சு நிக்கும். ரெண்டுக்கும் தொண்டையில ஒரே வழிதான். பெரியவங்களுக்கு அது தானா நடக்குது. கொறமாசத்துப் புள்ளைங்களுக்கு உறிஞ்சணும், முழுங்கணும், மூச்சு விடணும்னு மூணையும் கோத்து செய்யத் தெரியாது. அதுக்கு இன்னும் சில வாரம் ஆவணும். இதுல மூக்கு வழியா காத்த வேற தள்ளிக்கிட்டு இருக்கறோம். அதோட மூச்சு ஏற்கெனவே ஓட்டமா ஓடுது. முழுங்கறதுக்கு நிறுத்துனா மூச்சு பத்தாது, மூச்சு விட்டா பால் நெஞ்சுக்குள்ள போயிரும்."

அன்று திரும்பும்போது சூளகிரி வரைக்கும் பஸ்ஸில் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டே மூச்சுவிட முடியவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து எழுந்து முன்னால் போய்விட்டார்.

பொற்கொடி ஆஸ்பத்திரியிலேயே தாய்மார்கள் தங்கும் அறையில் இருந்தாள். மணிக்கணக்கு தவறாமல் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். உள்ளே போவதற்கு முன் முழங்கை வரை கை கழுவ வேண்டும், கழுவுவாள். தொடச் சொன்னால் தொடுவாள். பிள்ளையின் வயிறு சில நாள் பானை மாதிரி உப்பிக்கொள்ளும். மூக்கில் தள்ளும் காற்று வயிற்றுக்கும் போய்விடுமாம். அப்போது சிஸ்டர் அந்தப் பால்குழாயைத் திறந்து பிடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் பால் விடுவாள். மற்ற தாய்மார்கள் அதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். இவள் நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்கு காத்து ஜாஸ்தி" என்று என்னிடம் வந்து சொல்வாள். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு அறை விட்டால் அழுவாளோ என்றுகூட நினைத்தேன். அது துக்கத்தின் ஒரு வகை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும்.

சுபாஷ் வாரம் ஒருமுறை வருவான். கண்ணாடி வழியே பார்ப்பான். "வீட்டுக்கு எப்ப?" என்பான். வாயால் முழுப்பாலும் குடிக்கப் பழகினால்தான் வீட்டுக்கு என்று எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அந்த ஒரு கதவுக்குத்தான் நாங்கள் எல்லாருமே காத்திருந்தோம்.

பிள்ளை தேறியது. குமிழி விடும் பாட்டிலை எடுத்துவிட்டு, மூக்கில் இன்னும் மெல்லிய குழாய் வைத்தார்கள். "குழாய் சின்னதாயிருச்சே, இப்ப குடுக்கலாமில்ல?" என்று நான் அனுப்ரியாவிடம் நச்சரித்தேன். "குழாய்தான்கா சின்னது, காத்தோட வேகம் கொறையல" என்றாள். அந்த நாள்களில் பாலை முழுக்கப் பீய்ச்சி எடுத்துவிட்டு வெறும் மார்பைப் பிள்ளை வாயில் வைக்கச் சொல்வார்கள். பால் இருந்தால் மூச்சுக்குழலுக்குப் போகும் என்ற பயம். வெறும் மார்பில் சப்பிப் பழகலாம். பிள்ளை நக்கும், நாக்கை நீட்டும், தூங்கிவிடும். பொற்கொடி பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நேராக உட்கார்ந்திருப்பாள்.

பிறகு காற்றையும் நன்றாகக் குறைத்தார்கள். வெறும் ஆக்சிஜன், அதுவும் கொஞ்சம். பாலாடையில், சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், சில சொட்டு கொடுத்துப் பார்த்தார்கள். சிஸ்டர் கொடுக்கும்போது பிள்ளை விழுங்கியது. பொற்கொடி கையிலும் கொடுத்துப் பழக்கினார்கள். சொட்டு விடு, விழுங்கட்டும், மூச்சு எடுக்கட்டும், பிறகு அடுத்தது. மூக்கு விடைத்தாலோ, நெஞ்சு குழி விழுந்தாலோ, நிறம் மாறினாலோ, மானிட்டர் கத்தினாலோ பாலாடையை எடுத்துவிட்டுப் பிள்ளையை நிமிர்த்திப் பிடி. எல்லாவற்றுக்கும் இவள் தலையாட்டினாள்.

பிள்ளையின் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று எண் காட்டும் அந்த மானிட்டர் நாள் முழுக்கக் கத்தும். பிள்ளை காலை உதைத்தால், கட்டிய ஒயர் நழுவிக் கத்தும். அனுப்ரியா வந்து முதலில் பிள்ளையைப் பார்ப்பாள், ஒயரைச் சரிசெய்வாள், பிறகு பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்துவாள்.

அன்று காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸில் வந்து, "இன்னையிலிருந்து ரெண்டு நாள் முழுப்பாலும் வாயாலயே குடிச்சிட்டா டியூபை எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல சேதிதான் அது. பொற்கொடி அதை டார்கெட்டாக எடுத்துக்கொண்டாள். மதியப் பாலில் பாதி போயிருக்கும். அனுப்ரியா பக்கத்துத் தொட்டிலுக்குத் திரும்பியிருந்தாள். மானிட்டர் கத்தியது. பொற்கொடி கையை நீட்டிப் பட்டனை அமுக்கினாள். அடுத்த சொட்டை விட்டாள். மறுபடி கத்தியது. மறுபடி அமுக்கினாள். பாலாடையில் மிச்சம் இருந்ததை வாய்க்குள் சாய்த்தாள்.

பிள்ளை இருமவில்லை. அழவில்லை. அவ்வளவு சின்னதற்கு இருமவும் தெரியாதாம். மூச்சு சும்மா நின்றுபோய்விட்டது.

அனுப்ரியா திரும்பிப் பார்த்து, பிள்ளையை வாங்கி, வாயில் இருந்த பாலைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, முகத்தில் காற்றடிக்கும் பையை வைத்து அமுக்கி மூச்சு கொடுத்தாள். டாக்டரம்மா ஓடி வந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் பால் நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிக்கொண்டது. மூக்கில் மறுபடியும் பெரிய குழாய், தலையில் தொப்பி, குமிழி விடும் பாட்டில். வாயில் ஒரு சொட்டும் கூடாது என்று நிறுத்தினார்கள். பட்ட பாடெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது.

சாயங்காலம் சுபாஷ் வேலை உடுப்போடு வந்து நின்றான். "யாருமே பாக்கலயா? மெஷின் கத்தலயா?" என்று கேட்டான்.

"கத்துச்சு. நாந்தான் பட்டன அமுக்குனேன்" என்றாள் பொற்கொடி.

"எதுக்கு?"

"கத்துச்சு, அமுக்குனேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலாம். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். டாக்டரம்மாவும் திட்டவில்லை. களைத்த குரலில், "இது உங்க தப்பு மட்டும் இல்லம்மா" என்றார். ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கேன்டீனிலிருந்து அந்த லைனை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சிஸ்டர் முதலில் பிள்ளையைப் பார்ப்பாள், பிறகுதான் பட்டனை. இவள் பிள்ளையைப் பார்க்காமலே அமுக்கியிருக்கிறாள். கை பழகிய பழக்கம், கண் மெஷினில் இருந்திருக்கும், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன். அவளும் மறுக்கவில்லை.

பிள்ளை இரண்டாம் முறையும் தேறியது. மெதுவாக, முன்னைவிட மெதுவாக. பொற்கொடி மட்டும் பிள்ளையைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். பாலைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். மடியில் கொடுத்தால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

"ஏம்மா, புடி" என்பாள் அனுப்ரியா.

"வேண்டாம் சிஸ்டர். நீங்களே குடுங்க."

நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சூடு கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். தாய் வராவிட்டால் வீட்டு ஆள் யாராவது போதும். அத்தை என்று பெயர் கொடுத்து நான் போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி அங்கியின் முன்பக்கத்தைத் திறந்து உள்ளே பிள்ளையை வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்தக் கனத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு தட்டு சோற்றின் கனம்தான். அது என் மார்பில் வாயைத் தேய்த்துத் தேடியது. கேன்டீன்காரியிடம் என்ன இருக்கும் என்று தேடுகிறதோ. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வெளியே வந்து பொற்கொடியிடம் கத்தினேன்.

"உன் புள்ள என்கிட்ட பால் தேடுது. வெக்கமா இல்ல உனக்கு?"

"இல்லக்கா" என்றாள். யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். உண்மையைச் சொன்னாள் என்றே நினைக்கிறேன்.

மூக்குக் குழாயெல்லாம் கழன்ற பிறகு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப்போவது தாய்தான். தாய் பழகாமல் அனுப்ப முடியாது. அனுப்ரியா பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாள். முதல் பாய்ச்சல் பாலைப் பீய்ச்சிவிட வேண்டும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாற்போலப் பிடிக்க வேண்டும். சில மடக்குக் குடித்ததும் பிள்ளை தானாக நிறுத்தாவிட்டால் நாமே மார்பை எடுத்து, மூச்சு வாங்க விட வேண்டும். பொற்கொடி சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஆனால் ஒரு தடவைகூடப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கண் முழுக்க மானிட்டர் மேல். எண் கொஞ்சம் இறங்கினாலும் வெடுக்கென்று எடுத்துவிடுவாள். பசி தீருமுன் எடுத்துவிடுகிறாளே என்று எனக்குப் பதறும். ஆனாலும் பிள்ளை குடித்தது, எடை கூடியது.

அப்படியே வீட்டுக்கு வந்திருப்பாள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒயர் இல்லாமல் தாயும் பிள்ளையும் தனி அறையில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருநாள் மதியம் நான் சோற்றோடு போனபோது, அனுப்ரியா பிள்ளையின் காலில் கட்டியிருந்த ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அதக் கழட்டாதீங்க" என்றாள் பொற்கொடி.

"வீட்டுல மானிட்டர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அனுப்ரியா ஒயரைச் சுருட்டினாள். "நான் வெளியதான் இருக்கறன். ஏதுன்னா கூப்புடுங்க. நாளைக்கு டாக்டர் வந்து பாத்து அனுப்பிருவாங்க."

கதவு சாத்தியது. பிள்ளை விழித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பியது. பிறகு கையைச் சப்பியது. பிறகு அழ ஆரம்பித்தது. பொற்கொடி கட்டிலில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மானிட்டர் இருந்த வெற்று மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கை நனைந்து சேலையில் இறங்கியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"புள்ள அழுவுது" என்றேன்.

"கேக்குதுக்கா."

"எடுத்துக் குடு."

"எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது. டியூப் போடச் சொல்லுங்க. டியூப்லயே குடுத்துறலாம்."

"வாழ்நாளெல்லாமா?"

பிள்ளையின் அழுகை கரகரத்தது. அவ்வளவு சின்ன உடம்பு அழுது அழுது களைத்தால் குடிக்கவும் தெம்பிருக்காது என்று அனுப்ரியா சொல்லியிருந்தாள். நானே எடுத்து மார்பில் வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது. எனக்கு வாய் அடங்காது என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கும் அடங்கவில்லை.

"பால் குடுத்து ஒரு தடவ கொல்லப் பாத்த, இப்ப பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கற. ரெண்டுல ஒண்ண சொல்லு, நான் போயி சுபாஷ்கிட்ட சொல்லிக்கறன்."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள். பிள்ளையை எடுத்து ஒருக்களித்துப் பிடித்து, கொஞ்சம் பாலைத் துணியில் பீய்ச்சிவிட்டு, வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை ஆவேசமாகப் பிடித்துக்கொண்டது.

பார்க்க எண் இல்லை. அவள் கண் ஒருமுறை மேசைக்குப் போய்த் திரும்பியது. பிறகு தலையைக் குனிந்து, குனிந்து, காதைப் பிள்ளையின் மூக்கருகே கொண்டுபோய்விட்டாள். அறையில் அந்தச் சத்தம் எனக்குமே கேட்டது. தொண்டையில் ஒரு சின்ன "க்ளுக்". பிறகு மூக்கில் ஒரு காற்று. க்ளுக், காற்று. க்ளுக், க்ளுக், காற்று. நான்கைந்து ஆனதும் பிள்ளை தானாகவே மார்பை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது. பால் கன்னத்தில் வழிந்தது. பொற்கொடி திணிக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. காத்திருந்தாள். மூச்சு அடங்கியதும் பிள்ளை தானாகத் தேடி வந்து பிடித்தது.

"வலிக்குதுக்கா" என்றாள்.

"எங்க?"

"மாரு. தையல் போட்ட எடம். முதுகு." பிறகு, "எல்லாமே வலிக்குது" என்றாள்.

அறுத்துப் பிள்ளையை எடுத்த நாளிலிருந்து இந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் வராதது எல்லாம் சேர்ந்து வந்தால் இந்த ஒல்லி உடம்பு தாங்குமா என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான் புள்ளயப் பாக்கலன்னு எல்லார்ட்டயும் சொன்னீங்கள்ல."

"ஆமா. கை பழக்கம் புள்ள அது. நீ என்ன செய்வ."

"பாத்தேன்க்கா." குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "உதடு நீலமாச்சு. நல்லாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அமுக்குனேன். எனக்கு ஒண்ணுமே தோணல. யார் புள்ளயோ மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சந்தான் பால் இருக்குன்னு மட்டுந்தான் தோணுச்சு."

நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்த சமாதானம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. இட்டுக்கட்ட எனக்கு வேறு எதுவும் வரவில்லை. அவள் முதுகில் கையை வைத்தேன். உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் பிள்ளையைப் பிடித்திருந்த கை மட்டும் ஆடவில்லை. கண்ணீர் பிள்ளையின் காதில் விழப் பார்த்தது, புறங்கையால் தடுத்துக்கொண்டாள். பிள்ளை மறுபடி வாயை விட்டு மூச்சு வாங்கியது.

"எம் புள்ளக்கா இது" என்றாள். பிறகு அழுகையை அடக்கிக்கொண்டாள். அவள் அழும் சத்தத்தில் அந்தச் சின்ன மூச்சு அவளுக்குக் கேட்காமல் போய்விடுமாம்.